14 ஆண்டுகளாக ஒரே காளையின் வம்சம்: இறைச்சி மாட்டு மந்தைக்கு வெளிக்காளை தேவையா?

#1 கிடேரிக்காவல்

வணக்கம். இதுவரை இங்கே வாசிப்பதோடு நின்றவன் நான். இப்போது எனக்கே ஒரு சிக்கல் வந்திருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இறைச்சிக்காக வளர்க்கும் மந்தை என்னுடையது, 100 தாய்ப்பசுக்கள். 14 ஆண்டுகளுக்கு முன் ஒரு பொலிகாளை வாங்கினேன். நீண்ட உடல், உறுதியான கால், சாதுவான குணம். அதன் மகன்களில் சிறந்த இரண்டை வைத்துக்கொண்டேன். அப்புறம் அந்த மகன்களின் மகன்கள். எந்த நேரத்திலும் மந்தையில் 2 காளைகளுக்கு மேல் இருந்ததில்லை. கிடேரிகளும் எல்லாம் சொந்தத்தில் பிறந்தவைதான்.

இன்று கன்றுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். வாங்க வருகிறவர்கள் முதலில் சொல்வது அதைத்தான். எனக்கும் அதில்தான் பெருமை.

ஆனால் மூன்று பருவமாக மனசு உறுத்துகிறது. சினை பிடிக்காத கிடேரிகள் கூடிவிட்டன. பிறந்த கன்று எழுந்து நின்று மடி தேட நேரம் பிடிக்கிறது. தீவனம், தாது உப்பு, நோய்ப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. கடைசியாக 20 மாடுகளின் முடி மாதிரியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். உறவுக்கலப்பின் அளவு, அதாவது நெருங்கிய உறவு மாடுகளையே சேர்த்ததன் அளவு, சராசரியாக 19 சதவீதம் என்று வந்திருக்கிறது.

வெளியிலிருந்து காளை கொண்டுவந்தால் 14 ஆண்டு உழைப்பு கரைந்துபோகுமா? கொண்டுவராவிட்டால் என்ன ஆகும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


#2 தலைமுறைக்கணக்கு

வணக்கம் நண்பரே. உங்கள் மந்தையில் 100 பசு இருந்தாலும் மரபியல் கணக்கில் அது 100 ஆகாது. பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் பாதி மரபணு தாயிடமிருந்து, பாதி தந்தையிடமிருந்து வருகிறது. அந்தத் தந்தைப் பாதி முழுவதும் இரண்டே விலங்குகள் வழியாக வந்தால், மந்தையின் வாசல் அந்த இரண்டின் அகலம்தான்.

இதை அளக்கப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. காளை எண்ணிக்கையையும் பசு எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 2 காளை, 100 பசு என்றால் 800-ஐ 102-ஆல் வகுக்கிறோம், 7.8 வருகிறது. அதாவது உங்கள் 100 பசு மந்தை, ஆணும் பெண்ணும் சமமாகக் கலக்கும் 8 விலங்குகளின் கூட்டம் போல நடந்துகொள்கிறது. இதற்குப் பயனுறு எண்ணிக்கை என்று பெயர். தலைமுறைக்கு எவ்வளவு உறவுக்கலப்பு ஏறும் என்று அறிய 1-ஐ இந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் போதும். உங்களுக்கு 6.4 சதவீதம். 14 ஆண்டில் ஏறக்குறைய மூன்று தலைமுறை, ஆக மொத்தம் 18-ஐ ஒட்டி. அறிக்கையில் 19 என்று வந்ததில் எனக்கு வியப்பில்லை.

அதே 100 பசுவுக்கு 4 காளை வைத்திருந்தால் தலைமுறைக்கு 3.25 சதவீதம். 10 காளை என்றால் 1.4 சதவீதம்தான். பசுக்களை இரட்டிப்பாக்கினால் இந்த எண் அசையவே அசையாது, 200 பசுவுக்கு 2 காளை என்றாலும் பயனுறு எண்ணிக்கை 8-ஐத் தாண்டாது. கையைக் கடிப்பது எப்போதும் காளைக் கணக்குதான். ஓர் இனத்தின் பயனுறு எண்ணிக்கை 50-க்குக் கீழே போகக் கூடாது, அதாவது தலைமுறைக்கு 1 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல். தனி மந்தை ஒன்று அந்த அளவை எட்டுவது கடினம். அதனால்தான் மந்தைகளுக்கு இடையே காளை மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறோம்.


#3 மூடியமந்தை

சூத்திரம் சரிதான். ஆனால் அதைப் பார்த்து நண்பர் பயந்துவிடக் கூடாது. நான் 20 ஆண்டுக்கு மேலாக வெளிக்காளை ஏற்றாத மந்தை வைத்திருக்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

இன்று நாம் இனம் என்று சொல்லும் பலவும் உறவுக்கலப்பால் உருவானவை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கால்நடை வளர்ப்பாளர் ராபர்ட் பேக்வெல் காட்டிய வழி அது. அவருக்குப் பின் காலிங் சகோதரர்கள் ஷார்ட்ஹார்ன் இனத்தை அப்படித்தான் கட்டினார்கள். அமெரிக்காவின் மொன்டானாவில் மைல்ஸ் சிட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1934-இல் தொடங்கிய லைன் 1 ஹெர்ஃபோர்டு மந்தையைப் பாருங்கள். ஒரே தந்தைக்குப் பிறந்த இரண்டு காளைகளை வைத்துத் தொடங்கினார்கள். அதன் பின் வெளிக்காளை இல்லை. அந்த வரிசை இன்றும் இருக்கிறது, வளர்ச்சியில் தலைமுறை தலைமுறையாக முன்னேறியும் இருக்கிறது. அந்த இரத்தம் ஓடாத ஹெர்ஃபோர்டு மந்தையை அமெரிக்காவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சில்லிங்ஹாம் வெள்ளை மாடுகள் இன்னும் பெரிய சான்று. வடக்கு இங்கிலாந்தில் ஒரு பூங்காவுக்குள் 300 ஆண்டுகளுக்கு மேல் அடைபட்ட மந்தை. 1947-இன் கடும் பனியில் 13 மாடுகள்தான் மிஞ்சின. இன்று 100-ஐத் தாண்டி இருக்கின்றன. 2001-இல் வந்த ஆய்வில், பார்த்த 25 மரபணுக் குறியிடங்களில் 24-இல் மாடுகள் எல்லாமே ஒன்றுபோல இருந்தன. ஏறத்தாழ நகல்கள்தான். ஆனாலும் வாழ்கின்றன, ஈனுகின்றன.

நண்பரே, கெட்ட மரபணு வெளியே வரும்போது கழித்துக்கட்டுங்கள். மூடிய மந்தை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.


#4 பழையஏடு

மூடியமந்தை ஐயா சொன்ன செய்திகள் எல்லாம் உண்மை. ஆனால் அவை பிழைத்தவர்களின் கதைகள். பிழைக்காதவற்றின் கதையையும் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

காலிங் சகோதரர்களையே எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய ஃபேவரிட் என்ற காளையை அதைப் பெற்ற தாயுடனே சேர்த்தார்கள், ஒரு கிடேரி பிறந்தது. அந்தக் கிடேரியை மறுபடியும் ஃபேவரிட்டுடனே சேர்த்தார்கள். பிறந்ததுதான் காமெட். 1810-இல் 1000 கினிக்கு ஏலம் போனது. மரபியலாளர் சீவல் ரைட் 1922-இல் உறவுக்கலப்புக் கெழுவை வகுத்தபோது காமெட்டுக்குக் கணக்கிட்டுப் பார்த்த அளவு 47 சதவீதம்! அவ்வளவு அழகான காளை. ஆனால் அந்த இரத்தத்தை வைத்துத் தாமஸ் பேட்ஸ் வளர்த்த டச்சஸ் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று? உலகமே அந்தப் பசுக்களுக்காகப் போட்டி போட்டது. குடும்பத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்ததில் பசுக்கள் சினை பிடிப்பது குறைந்துகொண்டே போய், வம்சமே அற்றுப்போனது.

லைன் 1-உம் தனியாக நிற்கவில்லை. மக்காச்சோளத்தில் நெருங்கிய வரிசைகளை வளர்த்துப் பின் கலந்து பெரும் விளைச்சல் கண்டதைப் பார்த்து, மாட்டிலும் அதையே செய்யலாம் என்று அமெரிக்க நிலையங்களில் நிறைய வரிசைகளைத் தொடங்கினார்கள். பெரும்பாலானவை கைவிடப்பட்டன. ஈற்று விகிதமும் கன்றுகளின் பிழைப்பும் தாங்கவில்லை. லைன் 1 நின்றதற்கு அதன் அடித்தளக் காளைகள் ஒரு காரணம். மிக நெருங்கிய இணைகளைத் தவிர்த்து மெதுவாக ஏறவிட்டது இன்னொரு காரணம். நம் நண்பர் மூன்று தலைமுறையில் ஏறிய உயரத்துக்கு அந்த மந்தை பல தலைமுறை எடுத்துக்கொண்டது.

லைன் 1-ஐப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று. 2009-இல் வெளியான மாட்டின் முதல் முழு மரபணு வரைபடம் அந்த வரிசையில் பிறந்த டோமினெட் என்ற ஹெர்ஃபோர்டு பசுவுடையது. ஏன் அந்தப் பசு? அதன் உறவுக்கலப்பு ஏறத்தாழ 30 சதவீதம். தாய் வழிப் பிரதியும் தந்தை வழிப் பிரதியும் பெருமளவு ஒன்றாக இருந்ததால் துண்டுகளைச் சேர்த்துப் படிப்பது எளிதாயிற்று. ஆராய்ச்சியாளருக்கு வரமாக இருந்த அதே குணம்தான் மந்தைக்காரருக்குச் சுமையாகிறது.


#5 புதுக்கொட்டில்

ஒரு சின்னக் கேள்வி. வம்சாவளிப் புத்தகம் இல்லாமல், முடி மாதிரியை மட்டும் வைத்து 19 என்று எப்படிச் சொல்கிறார்கள்? என் மந்தையில் எழுத்துப் பதிவு எதுவும் கிடையாது.


#6 தலைமுறைக்கணக்கு

நல்ல கேள்வி. மாட்டுக்கு 30 ஜோடி குரோமோசோம்கள். அவை நெடுகப் பல ஆயிரம் இடங்களில் எந்த டி.என்.ஏ. எழுத்து இருக்கிறது என்று படிக்கும் சில்லுகள் இருக்கின்றன. சுமார் 54,000 இடங்களைப் படிப்பது பரவலானது, 7,77,000-க்கு மேல் படிப்பதும் உண்டு. தாய் தந்த பிரதியும் தந்தை தந்த பிரதியும் நீண்ட தூரத்துக்கு ஒரே எழுத்தாகவே போனால், இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த துண்டு என்று பொருள். அந்த மாதிரித் துண்டுகளின் மொத்த நீளம் முழு மரபணுத் தொகுதியில் எத்தனை சதவீதமோ, அதுதான் அறிக்கையில் வரும் எண்.

துண்டின் நீளமும் பேசும். 5 தலைமுறைக்கு முந்தைய பொது மூதாதையிடமிருந்து வந்த துண்டு சராசரியாக 1 கோடி எழுத்து நீளம் இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் வெட்டி ஒட்டிக் கலைவதால் பழையவை சிறிதாகிவிடும், புதியவை நீளமாக நிற்கும். கிடேரிக்காவல் அறிக்கையில் நீள வாரியான பட்டியல் இருந்தால் பாருங்கள். நீண்ட துண்டுகள் அதிகம் என்றால் உங்கள் 14 ஆண்டின் விளைவு. குட்டைத் துண்டுகள் என்றால் இனத்துக்கே உரிய பழைய சுமை.

வம்சாவளிப் புத்தகம் சொல்வது சராசரியைத்தான். ஒரு தந்தைக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்த இரண்டு மாடுகள் 25 சதவீதம் பகிரும் என்று புத்தகம் சொல்லும். உண்மையில் சில ஜோடிகள் 20-ஐ ஒட்டி, சில ஜோடிகள் 30-ஐ ஒட்டி இருக்கும். யாருக்கு யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது இந்த வேறுபாடு பொன்னானது.


#7 கன்றுமருத்துவன்

நான் கால்நடை மருத்துவன். எண்ணைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கொட்டகையில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

ஓர் இரவு கிடேரி ஒன்று முக்கிக்கொண்டே இருக்கிறது, கன்று வரவில்லை என்று கூப்பிட்டார்கள். கையை விட்டுப் பார்த்தால் கன்றின் கால் மடங்க மறுக்கிறது. வெளியே எடுத்தபோது முதுகெலும்பு வளைந்து, மூட்டுகள் இறுகி, தசையே இல்லாத கன்று. இறந்தே பிறந்தது. அந்தப் பருவத்தில் அதே மந்தையில் அது மூன்றாவது. மூன்றுக்கும் தந்தை ஒன்று. மூன்று தாய்களுக்கும் தாத்தாவும் அந்தக் காளையின் தாத்தாவும் ஒன்று.

இதே தோற்றம் 2008-இல் ஆங்கஸ் இனத்தில் பெரிய அளவில் வெளிப்பட்டது. சுருண்ட கன்று நோய் என்றே பெயர் வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜொனாத்தன் பீவர் அதற்குக் காரணமான மரபணுப் பிழையைக் கண்டு பரிசோதனை உருவாக்கினார். தேடிப் போனால் எல்லா வழியும் செயற்கைமுறைக் கருவூட்டலில் மிக அதிகமாகப் பயன்பட்ட ஒரு நல்ல காளையில் போய் நின்றது. நல்ல காளை என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதன் எடை, இறைச்சித் தரம் எல்லாம் உண்மையாகவே சிறந்தவை. ஒவ்வொரு மாடும் இப்படிச் சில ஒடுங்கு பிழைகளைச் சுமந்துகொண்டுதான் பிறக்கிறது. ஒரு பிரதி இருந்தால் வெளியே தெரியாது. ஒரே காளையைத் தந்தை வழியிலும் தாய் வழியிலும் சந்திக்கவிட்டால் இரண்டு பிரதியும் ஒரே கன்றில் சேர்ந்துவிடும். அந்தக் காளையின் பிழையை இலட்சக்கணக்கான மாடுகளுக்குள் கொண்டுபோனதும், பின் எதிரெதிரே நிறுத்தியதும் மனிதர்கள் நாம்தான்.

கிடேரிக்காவல், உங்கள் கன்றுகளிடம் உருக்குறை எதுவும் இல்லை என்பது நிம்மதி. ஆனால் சினை பிடிக்கவில்லை என்று நீங்கள் குறித்தவற்றில் சில, சினை பிடித்து முதல் சில வாரத்தில் கரைந்தவையாக இருக்கலாம். ஹோல்ஸ்டீன் பால்மாடுகளில் அப்படித்தான் நடந்தது. சீஃப் என்ற புகழ்பெற்ற காளையின் ஒரு மரபணுப் பிழை இரண்டு பிரதியானால் கரு பிறக்கும்வரை தங்காது. கன்றே பிறக்காததால் பல பத்தாண்டு யாருக்கும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியும் கெட்டதைக் கழித்துக்கட்டலாம் என்று மூடியமந்தை சொன்னார். பிறக்காத கன்றை எப்படிக் கழிப்பது?


#8 எடைத்தராசு

அப்படியானால் பிழை சுமக்கும் மாடுகளை எல்லாம் பரிசோதித்து ஒரேயடியாக விற்றுவிடுவதுதானே நல்லது? ஒரு தலைமுறையில் சுத்தமாகிவிடும்.


#9 கன்றுமருத்துவன்

வேண்டாம் நண்பரே, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஒரு பிரதி சுமக்கும் பசுவைப் பிழையற்ற காளையுடன் சேர்த்தால் நோயுள்ள கன்று ஒன்றும் பிறக்காது. பாதிக் கன்றுகள் சுமப்பவையாகவும் பாதி சுத்தமானவையாகவும் பிறக்கும். பரிசோதித்து, சுத்தமானவற்றைத் தாய்மந்தைக்கு வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று தலைமுறையில் பிழை தானே மறையும், பசுவின் மற்ற ஆயிரக்கணக்கான நல்ல மரபணுக்களும் காப்பாற்றப்படும். ஒரு பிழைக்காக நூறு பசுவைத் தள்ளினால் மிஞ்சுவது இன்னும் குறுகிய மந்தை. அடுத்த பிழைக்கு நீங்களே விதை போட்டதாகிவிடும். காளைகளிடம் மட்டும் கண்டிப்பாக இருங்கள், சுமக்கும் காளையை மந்தையில் விடாதீர்கள். பசுவிடம் பொறுமை காட்டலாம்.


#10 கலப்புமந்தை

எல்லோரும் மந்தைக்குள் இருக்கும் வேற்றுமையைப் பற்றியே பேசுகிறீர்கள். இறைச்சி மாட்டில் இருக்கும் பெரிய செல்வம் மந்தைக்கும் மந்தைக்கும், இனத்துக்கும் இனத்துக்கும் இடையே இருக்கிறது.

நெப்ராஸ்காவின் கிளே சென்டர் இறைச்சி விலங்கு ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டு நடந்த கலப்புச் சோதனைகளின் ஓர் எண் எனக்கு மனப்பாடம். ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் ஆகியவற்றைக் கலந்தபோது, காளையிடம் விட்ட ஒவ்வொரு பசுவுக்கும் கிடைத்த பால்மறப்புக் கன்று எடை 23 சதவீதம் கூடியது. அதில் கன்று கலப்பாக இருந்ததால் வந்தது 8.5 மட்டும். ஏறத்தாழ 15 சதவீதம் தாய் கலப்பாக இருந்ததால் வந்தது. அவள் சீக்கிரம் சினை பிடிக்கிறாள், கன்றைத் தக்கவைக்கிறாள், அதிகப் பால் தருகிறாள், நீண்ட நாள் மந்தையில் இருக்கிறாள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எடை வளர்ச்சி, இறைச்சியின் கொழுப்பு வரி போன்ற குணங்கள் பெற்றோரிடமிருந்து நன்றாகவே இறங்கும். அவற்றைத் தேர்வு செய்தே உயர்த்தலாம், ஆனால் கலப்பில் பெரிய லாபம் கிடைக்காது. சினை பிடித்தல், கன்று பிழைத்தல், ஆயுள் ஆகியவை தேர்வுக்கு எளிதில் அசையாது, கலப்பில்தான் துள்ளி எழும். உறவுக்கலப்பில் முதலில் விழுவதும் அவைதான். கிடேரிக்காவல் சொன்ன அறிகுறிகளைத் திரும்பப் படியுங்கள், கன்றின் உருவம் நன்றாக இருக்கிறது, சினையும் பிழைப்பும் விழுகின்றன. அப்படியே பொருந்துகிறது.

கலக்கும் இனங்கள் எவ்வளவு தூரத்து உறவோ, கலப்பால் கூடும் பலன், அதாவது வீரியம், அவ்வளவு. திமில் இல்லாத மாடு மேற்காசியாவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்டது. திமில் மாடு சிந்துவெளிப் பக்கம் தனியாகப் பழக்கப்பட்டது. இரண்டின் காட்டு மூதாதைகளும் அதற்கு மிக நெடுங்காலம் முன்பே பிரிந்தவை. அதனால்தான் திமிலுள்ள பிராமன் காளையை ஹெர்ஃபோர்டு பசுவுடன் சேர்க்கும்போது கிடைக்கும் வீரியம் இரண்டு பிரிட்டன் இனங்களைச் சேர்ப்பதைவிட மிக அதிகம். வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும் குணம் கூடவே வரும். டெக்சாஸின் கிங் ராஞ்ச், ஷார்ட்ஹார்னையும் பிராமனையும் கலந்து சான்டா ஜெர்ட்ரூடிஸ் இனத்தை உருவாக்கியது இதற்காகத்தான். தென்னாப்பிரிக்காவில் யான் பான்ஸ்மா ஆஃப்ரிகேனர் என்ற உள்ளூர் மாட்டை வைத்துப் பான்ஸ்மாரா இனத்தைக் கட்டியதும் அப்படியே.


#11 மூடியமந்தை

கலப்புமந்தை நண்பருக்கு ஒரே கேள்வி. முதல் கலப்பில் 23 கிடைத்தது சரி. அந்தக் கலப்புக் கிடேரிக்கும் கலப்புக் காளைக்கும் பிறப்பவற்றில் என்ன மிஞ்சும்? ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு எடை. எல்லோரும் கலக்கத் தொடங்கினால் பத்தாண்டு கழித்துக் கலப்பதற்குத் தூய வரிசை எங்கே இருக்கும்?


#12 கலப்புமந்தை

ஐயா, இரண்டும் நியாயமான கேள்விகள்.

முதல் கலப்பின் வீரியத்தை 100 என்று வைத்தால், இரண்டு இனக் காளைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் சுழற்சியில் 67 நிலைக்கும். மூன்று இனச் சுழற்சியில் 86. நான்கு இனங்களைச் சமமாகக் கலந்து, அதையே ஒரு புது இனமாகத் தமக்குள் பெருக்கினால் 75 நிற்கும். சான்டா ஜெர்ட்ரூடிஸ் போல ஐந்து பங்குக்கு மூன்று பங்கு என்று இரண்டினக் கலப்பாக நிறுத்தினால் 47-ஐ ஒட்டி. ஆனால் புது இனத்தையும் சில காளைகளை வைத்தே பெருக்கினால் அந்த 75-உம் கரையும். அங்கேயும் தலைமுறைக்கணக்கு சொன்ன அதே சூத்திரம்தான்.

இரண்டாவதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். தூய வரிசை இல்லாமல் கலப்பு இல்லை. உங்களைப் போல 20 ஆண்டு ஒரு வரிசையைக் கட்டிக்காத்தவர் இருப்பதால்தான் எனக்குக் காளை கிடைக்கிறது. இன்னொரு நல்ல செய்தி, கிடேரிக்காவல் கவனிக்கவும்: ஒரே இனத்துக்குள் தனித்தனியாக மூடிக்கிடந்த இரண்டு வரிசைகளைச் சேர்த்தாலும் உறவுக்கலப்பு அந்தக் கன்றில் பெரும்பாலும் அறுந்துவிடும். 19-உம் 19-உம் சேர்ந்து 19 ஆகாது. இரண்டு மந்தையின் மூதாதைகளும் வேறு என்றால் பூஜ்ஜியத்தை நெருங்கும். உருவ அமைப்பும் பெரிதாகக் கலையாது.


#13 மூடியமந்தை

இந்தக் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். என் மந்தையிலும் கிடேரிகள் முதல் கன்று ஈனும் வயது தள்ளிக்கொண்டே போகிறது. அதை மேய்ச்சல் குறைவு என்று எழுதிவைத்திருந்தேன். ஏடுகளைப் புரட்டிப் பார்த்தால், மேய்ச்சல் நன்றாக இருந்த ஆண்டுகளிலும் அதே கதைதான். முடி மாதிரி அனுப்பப் போகிறேன்.

ஆனால் என் மூல வாதத்தை விடவில்லை. வரிசை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கினால் எதுவும் மிஞ்சாது.


#14 பழையஏடு

மூடியமந்தை ஐயாவின் நேர்மைக்கு வணக்கம். வரிசை வேண்டும் என்பதில் நானும் அவரோடு இருக்கிறேன்.

நியூசிலாந்துக்குத் தெற்கே எண்டர்பி என்ற குளிர்த்தீவில் 1890-களில் கொண்டுவிட்ட மாடுகள் நூறாண்டு தனியாக வாழ்ந்தன. தீவின் செடிகொடியைக் காப்பதற்காக 1990-களின் தொடக்கத்தில் அவற்றைச் சுட்டு அகற்றினார்கள். பிறகு ஒரே ஒரு பசு உயிரோடு அகப்பட்டது. லேடி என்று பெயர் வைத்தார்கள். சுடப்பட்ட காளைகளின் விந்து கொஞ்சம் சேமிக்கப்பட்டிருந்தது. 1998-இல் லேடியின் நகல் கன்றை உருவாக்கித்தான் அந்த வரிசையை மீட்கத் தொடங்கினார்கள். உப்புக்காற்றில் கடற்பாசியையும் மேய்ந்து வாழப் பழகிய ஒரு மந்தை, ஒற்றைப் பசுவின் கழுத்தில் தொங்கி நின்றது.

எதிர்காலத்தில் எந்தக் குணம் வேண்டும் என்று இன்று யாருக்கும் தெரியாது. கரீபியனின் செனபோல் மாட்டில் முடி மிகக் குட்டையாக, வழுவழுப்பாக இருக்கும். அது ஒரே ஒரு மரபணுவின் மாற்றம், வெயிலில் உடல் சூட்டைக் குறைக்கிறது. செனபோலுக்கு உலகம் பெரிய மதிப்புக் கொடுக்காத நாள்களில் அது அழிந்திருந்தால், இன்று வெப்பம் தாங்கும் மாடு தேடுகிறவர்களுக்கு அந்த மரபணு அங்கிருந்து கிடைத்திருக்காது. இன்னொரு பக்கம் பெல்ஜியன் புளூ. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவில் 11 எழுத்து விடுபட்டதால் தசை இரட்டிப்பாகப் பருக்கிறது. ஒரே குணத்துக்காக அந்த மாற்றத்தை இனம் முழுவதும் நிலைநிறுத்தினார்கள். இப்போது பெரும்பாலான கன்றுகளை வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதே மாற்றத்தை ஒரு பிரதி மட்டும் கொண்ட கலப்புக் கன்றில் பயன்படுத்தினால் இறைச்சி கூடும், ஈற்றுத் துன்பம் அவ்வளவு இருக்காது. ஒரு மரபணு எங்கே, எத்தனை பிரதியாக இருக்கிறது என்பதில் இவ்வளவு அடங்கியிருக்கிறது.


#15 தலைமுறைக்கணக்கு

கிடேரிக்காவலுக்கு இனி நேரடியாகச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

100 பசுக்களையும் தாய் வழிப்படி நான்கு குழுவாகப் பிரியுங்கள். கிடேரி எப்போதும் தாயின் குழுவிலேயே இருக்கட்டும். முதல் குழுவில் பிறந்த காளை இரண்டாம் குழுவுக்குப் போகட்டும், இரண்டில் பிறந்தது மூன்றுக்கு, நான்கில் பிறந்தது ஒன்றுக்கு. தாயும் மகனும், அண்ணனும் தங்கையும் ஒரே இடத்தில் சந்திக்கவே மாட்டார்கள். இப்போது நான்கு குழுவும் ஒரே காளையின் பேரப்பிள்ளைகள் என்பதால், முதல் சுற்றுக்கு ஒன்றுக்கொன்று உறவில்லாத நான்கு வெளிக்காளைகள் அவசியம். உங்கள் இனத்திலேயே தேடுங்கள், வாங்கும் முன் அவற்றின் மாதிரியையும் உங்கள் பசுக்களின் மாதிரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் வேறாக இருந்தும் தாத்தா ஒன்றாக இருப்பது மிகச் சாதாரணம்.

அடுத்த தலைமுறைக்குக் காளைக்கன்று நிறுத்தும்போது ஒவ்வொரு தந்தைக்கும் ஒரு மகன் என்று எடுங்கள். கண்ணுக்கு அழகான நான்கும் ஒரே தந்தையின் மகன்களாக இருந்தால் கை தானாக அங்கே போகும். அந்த இடத்தில்தான் மனதை அடக்க வேண்டும். குடும்பங்களின் பங்கைச் சமமாக்கினாலே பயனுறு எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிக்கும். அதற்காகத் தேர்வையே கைவிட வேண்டியதில்லை. மதிப்பு உயர்ந்த காளைக்குச் சற்றுக் கூடுதல் பசு, மற்றதற்குச் சற்றுக் குறைவு, மொத்த உறவு மட்டும் எல்லைக்குள். 1997-இல் தியோ மியூவிசன் என்ற மரபியலாளர் இதைக் கணித முறையாகவே எழுதினார், இப்போது மென்பொருள்கள் செய்துகொடுக்கின்றன.

இன்னொன்று. நான்கு காளையையும் ஒரே மேய்ச்சலில் சேர்த்து விடாதீர்கள். மற்றவற்றை முட்டி விரட்டும் ஒன்று பெரும்பாலான கன்றுகளுக்குத் தந்தையாகிவிடும். எண்ணிக்கையில் நான்கு இருந்தாலும் மரபணுவில் ஒன்றரைதான் இருக்கும்.


#16 கிடேரிக்காவல்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று முறை படித்தேன். அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் நீண்ட துண்டுகள்தான் அதிகம். எனவே இது பழைய சுமை இல்லை, நான் சேர்த்தது. படிக்கக் கஷ்டமாக இருந்தது.

நான்கு காளைக்கு இப்போது வசதியில்லை. இரண்டு வாங்குகிறேன், மீதி இரண்டு குழுவுக்கு வேறு இரண்டு மந்தைகளின் உறைவிந்தை வைத்துச் சினை ஊசி போடலாம் என்று நினைக்கிறேன். பசுக்களை விற்கவில்லை. நீங்கள் சொன்னபடி அவை அப்படியே இருக்கட்டும்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 14 ஆண்டுக்கு முன் வந்த முதல் காளையின் உறைவிந்து 60 குச்சி (விந்து அடைத்த மெல்லிய குழாய்) குடுவையில் கிடக்கிறது. அதைக் கொட்டிவிடவா?


#17 கன்றுமருத்துவன்

கொட்டாதீர்கள்! முதலில் ஒரு குச்சியை எடுத்துத் தெரிந்த மரபணுப் பிழைகளுக்குப் பரிசோதனை செய்யுங்கள். சுத்தமாக இருந்தால் மீதி 59-உம் உங்கள் சேமிப்பு. இன்னும் மூன்று தலைமுறை வெளி இரத்தம் ஏறிய பின், உங்கள் கிடேரிகளில் அந்தக் காளையின் பங்கு வெகுவாகக் குறைந்திருக்கும். அப்போது அதன் உறவு மிகக் குறைந்த கிடேரிகளுக்குப் போட்டால், நீங்கள் விரும்பிய அந்த நீள உடலும் சாதுக் குணமும் சுமையில்லாமல் திரும்ப வரும்.


#18 மூடியமந்தை

எனக்கும் ஒரு வெளிக்காளை தேவைப்படும் போலிருக்கிறது. கிடேரிக்காவல், உங்கள் மந்தையும் என் மந்தையும் ஒரே இனம் என்றால் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தாத்தா ஒன்றாக இல்லாவிட்டால் ஆளுக்கொரு காளைக்கன்று மாற்றிக்கொள்ளலாம். அதுவரை குடுவையில் திரவ நைட்ரஜன் மட்டத்தை வாரம் ஒருமுறை அளவுகோல் விட்டு அளந்து எழுதிவையுங்கள். என் குடுவை ஒன்று அப்படித்தான் ஒரு கோடையில் யாரும் பார்க்காமல் வற்றிப்போனது. உள்ளே இருந்த காளை இனி எங்கேயும் இல்லை.